காசு கொடுத்து லெவலிங் கைடு வாங்கலாமா? வாவ் கிளாசிக் ஹார்ட்கோர் ஆடுபவர்கள் சொல்லுங்கள்

#1 வெள்ளிக்கிழமை_வாரியர்

வணக்கம். வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் (வாவ்) என்ற இணைய ஆட்டத்தின் பழைய வடிவமான கிளாசிக்கில், ஒருமுறை செத்தால் அந்த ஆள் திரும்ப வராத ஹார்ட்கோர் சர்வரில், ஹ்யூமன் வாரியர் (மனிதப் போர்வீரன்) ஒருவனை வளர்த்துக்கொண்டிருக்கிறேன். இவன் இரண்டாவது ஆள். முதல் ஆள் 13-ஆம் லெவலில் வெஸ்ட்ஃபால் பகுதியில் செத்துப்போனான். டிஃபையஸ் கொள்ளைக் கூட்டத்தின் பில்லேஜர் ஒருவனைச் சண்டைக்கு இழுத்தேன், பின்னாலேயே இன்னொருவன் வந்தான், இரண்டு பக்கமிருந்தும் ஃபயர்பால். ஓடிப் பார்த்தேன், முடியவில்லை. ஹார்ட்கோரில் அத்தோடு எல்லாம் முடிந்தது. மூன்று வார உழைப்பு.

வேலை, வீடு, ஐந்து வயதில் ஒரு மகள். வாரத்துக்கு ஆறு மணி நேரம் ஆடக் கிடைத்தாலே அதிகம், அதுவும் வெள்ளி, சனி இரவுகளில்தான். கூடவே தொடங்கிய கில்டு நண்பர்கள் 40-ஐத் தாண்டிவிட்டார்கள். அவர்களில் இரண்டு பேர், லெவல் ஏறும் வழியைப் படிப்படியாகச் சொல்லும் கைடைக் காசு கொடுத்து வாங்கி, ஆட்ஆனில் (ஆட்டத்தோடு சேர்க்கும் துணை நிரலில்) போட்டு, அம்புக்குறி காட்டும் இடத்துக்கு ஓடுகிறார்கள். நானும் வாங்கலாமா? உண்மையிலேயே நேரம் மிச்சமாகுமா? ஆட்டத்தின் சுவை போய்விடுமோ என்ற பயமும் இருக்கிறது. வாங்கியவர்கள், வாங்காதவர்கள் எல்லோரும் சொல்லுங்கள்.

#2 பனங்காட்டு_ரோக்

வேண்டாம் நண்பரே. க்வெஸ்டி ஆட்ஆன் இலவசம். எந்த க்வெஸ்ட் (ஆட்டம் கொடுக்கும் பணி) எங்கே கிடைக்கும், மாப் (கொல்ல வேண்டிய எதிரி) எங்கே நிற்கும், பொருள் யாரிடம் விழும் என்று எல்லாவற்றையும் மேப்பிலேயே புள்ளி வைத்துக் காட்டிவிடும். கைடுலைம் என்று இன்னொன்று இருக்கிறது, அதில் இலவச வழித்தடங்களைப் போட்டுக்கொள்ளலாம். இதற்கு மேல் காசு எதற்கு?

#3 பழைய_ட்ரூயிட்

கொஞ்சம் பழைய கதையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்விக்கு வருடத்துக்கு வருடம் பதில் மாறியிருக்கிறது.

வாவ் 2004 நவம்பரில் வந்தது. அப்போது ஆட்டத்துக்குள் எந்த உதவியும் கிடையாது. க்வெஸ்ட் கொடுப்பவன் "சாலைக்குத் தெற்கே, ஆற்றோரமாக" என்று ஒரு பத்தி எழுதிவைத்திருப்பான், அதைப் படித்துத் தேடிப் போக வேண்டும். மேப்பில் க்வெஸ்ட் இடங்களைக் காட்டும் வசதியே 2009 டிசம்பரில், 3.3 பேட்ச் என்ற மேம்பாட்டில்தான் வந்தது. அந்த ஐந்து வருட இடைவெளியில்தான் கைடு வியாபாரம் வளர்ந்தது. ஜோவானா என்ற பெயரில் ஆடிய ஹோர்டு அணி வீரர் 4 நாள் 20 மணி நேர ஆட்டத்தில், அப்போதைய உச்சமான 60 லெவலை எட்டினார். எங்களில் பலருக்கு அது பத்துப் பதினைந்து நாள் பிடித்த வேலை. அவர் தன் வழித்தடத்தை எழுதி விற்றபோது வாங்கியவர்கள் ஏமாறவில்லை. அதில் இருந்தது அவரே ஓடிப் பார்த்த பாதை.

இந்த வியாபாரம் நீதிமன்றம் வரை போனது பலருக்குத் தெரியாது. பிரையன் காப் என்பவர் தான் எழுதிய வாவ் கைடை ஈபேயில் விற்றார். ஆட்ட நிறுவனத் தரப்பு பதிப்புரிமை மீறல் என்று புகார் மேல் புகார் கொடுக்க, ஈபே அவருடைய கணக்கை முடக்கியது. 2006-இல் பப்ளிக் சிட்டிசன் என்ற அமைப்பின் வழக்கறிஞர்கள் துணையோடு கலிபோர்னியா கூட்டாட்சி நீதிமன்றத்தில் அவர் வழக்குப் போட்டார். அதே வருடம் சமரசமாக முடிந்தது, அவர் மறுபடி விற்கத் தொடங்கினார். ஒரு ஆட்டத்தைப் பற்றி எழுதுவது அந்த ஆட்டத்தையே நகலெடுப்பது ஆகாது என்பதுதான் அவருடைய வாதம். அது சரியான வாதம் என்றே இன்றும் நினைக்கிறேன்.

அப்புறம் என் சொந்த அனுபவம். 2007-இல் ஒரு தளத்தில் கைடு ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம். பிடிஎஃப் வந்தது. பத்து பக்கம் படித்ததுமே எங்கேயோ பார்த்த மாதிரி இருந்தது. தேடிப் பார்த்தால், இலவசமாகக் கிடைத்த ஒரு கைடை வரிக்கு வரி எடுத்துப் போட்டிருந்தார்கள். எழுத்துப்பிழைகள்கூட அப்படியே இருந்தன. மூன்று மின்னஞ்சல் அனுப்பினேன், ஒன்றுக்கும் பதில் இல்லை.

அதைவிடப் பெரிய ஏமாற்றம் அந்த நவம்பரில் வந்தது. 2.3 பேட்ச், 20 முதல் 60 லெவல் வரை ஏறத் தேவையான எக்ஸ்பியை (அனுபவப் புள்ளிகளை) குறைத்து, க்வெஸ்டுக்குக் கொடுக்கும் எக்ஸ்பியைக் கூட்டியது. என் கைடு பழைய கணக்கில் எழுதப்பட்டது. அது சொன்ன இடத்துக்கு நான் போய்ச் சேரும்போது மூன்று லெவல் கூடுதலாக இருந்தேன், க்வெஸ்ட் எல்லாம் பச்சையாகி, அதாவது என் லெவலுக்கு மிக எளிதாகி, கிடந்தது. 2010 கடைசியில் கேட்டக்ளிசம் என்ற விரிவாக்கம் வந்தபோது பாரன்ஸ் பகுதி இரண்டாகப் பிளந்தது, தவுசண்ட் நீடில்ஸில் வெள்ளம் புகுந்தது. அதுவரை எழுதின எல்லா 1-60 கைடும் அன்றோடு செத்தன.

கிளாசிக்கில் அந்தச் சிக்கல் இல்லை. உலகம் அப்படியே உறைந்து நிற்கிறது. ஒருமுறை நன்றாக எழுதின கைடு பல வருடம் செல்லும். அதனால் உங்கள் கேள்வி நியாயமான கேள்விதான், நண்பரே.

#4 பனங்காட்டு_ரோக்

அண்ணா, நீங்கள் சொன்ன கதையே என் பக்கம்தானே நிற்கிறது? உலகம் மாறாது என்றால் இலவச கைடும் பழசாகாது. பிறகு ஏன் காசு?

#5 மூன்றாவது_மேஜ்

ரோக் அண்ணா, நீங்கள் சாதாரண சர்வரில் ஆடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் ஹார்ட்கோர் மட்டும்தான். என் பெயரே காரணம் சொல்லும், இது என் மூன்றாவது மேஜ் (மந்திரவாதி).

முதல் மேஜ் எல்வின் ஃபாரஸ்ட்டில் ஃபார்கோடீப் சுரங்கத்தில் போனாள். உள்ளே போகும்போது கொன்ற கோபால்டு எதிரிகள் எல்லாம் வெளியே வரும்போது மறுபடி எழுந்து நின்றன. இரண்டாவது மேஜ் பிரின்சஸ் என்ற அந்தப் பன்றியிடம் போனாள். ஒரு பன்றிதானே என்று இழுத்தேன், கூடவே இரண்டு காவல் பன்றிகள் வந்தன. க்வெஸ்டி இந்த இரண்டு இடத்தையும் மற்ற க்வெஸ்ட் மாதிரியே ஒரு ஆச்சரியக்குறி போட்டுத்தான் காட்டியது. இங்கே போகாதே என்று அது சொல்லாது.

மூன்றாவது மேஜுக்கு ரெஸ்டட்எக்ஸ்பியின் ஹார்ட்கோர் கைடு வாங்கினேன். அது சில க்வெஸ்டுகளைத் தொடவே விடாது. சிலவற்றை இரண்டு லெவல் கழித்து வந்து செய்யச் சொல்லும். இப்போது 47-இல் இருக்கிறேன். வேகம் கூடியதா என்று கேட்டால், பெரிதாக இல்லை. உயிரோடு இருக்கிறேன், எனக்கு அது போதும். கொடுத்த காசு எனக்குச் செரித்தது.

வாரியர் அண்ணா, பில்லேஜர்களிடம் 13-இல் போனது உங்கள் தவறு மட்டுமில்லை. அவர்கள் 14, 15 லெவல். தூரத்திலிருந்து ஃபயர்பால் போடுபவனிடம் வாரியர் தனியாக மாட்டினால் தப்பிக்க வழியே கிடையாது.

#6 குன்னூர்_ஹன்ட்டர்

எங்கள் கில்டுக்காக இரண்டு வழித்தடம் எழுதியிருக்கிறேன், இலவசமாகத்தான். அதனால் ஒரு கைடுக்குள் என்ன வேலை இருக்கிறது என்று சொல்கிறேன். அதன் பிறகு காசு நியாயமா என்று நீங்களே முடிவு செய்யுங்கள்.

தகவல் என்பது சின்ன பகுதி. அது வாவ்ஹெட் தளத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. கைடு என்றால் வரிசை. க்வெஸ்ட் லாகில் (எடுத்த பணிகளின் பட்டியலில்) 20 இடம்தான். ஹார்த்ஸ்டோன், அதாவது குறித்துவைத்த விடுதிக்கு நேராகக் கொண்டுபோகும் கல், ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறைதான். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு, ஒரே நடையில் எத்தனை க்வெஸ்ட் முடிக்கலாம், எந்த விடுதியில் ஹார்த் வைத்தால் திரும்பும் நடை மிச்சமாகும் என்று பார்க்க வேண்டும்.

வெஸ்ட்ஃபாலையே எடுத்துக்கொள்ளுங்கள். சால்டீன் பண்ணையில் ஈரல் பை செய்ய எட்டு கோர்டஸ்க் பன்றி ஈரல் கேட்பார்கள். பக்கத்திலேயே ஸ்டியூ க்வெஸ்டுக்குப் பன்றி மூக்கு மூன்று, கழுகுக் கறி மூன்று, மர்லாக் (மீன் மனிதன்) கண் மூன்று, வெண்டைக்காய் மூன்று. ஈரல் சுலபத்தில் விழாது. இதற்காகவே தனியாகப் பன்றி வேட்டைக்குப் போனால் ஒரு மாலை முழுக்கப் போய்விடும். நல்ல கைடு என்ன சொல்லும் என்றால், வெஸ்ட்ஃபாலுக்குள் கால் வைத்ததும் இரண்டையும் வாங்கிக்கொள், வேறு வேலையாக நடக்கும்போது வழியில் வரும் ஒவ்வொரு பன்றியையும் அடி, அந்தப் பகுதியை விட்டுக் கிளம்பும் முன் கணக்குப் பார். சின்ன விஷயம்தான். இப்படிச் சின்ன விஷயம் நூற்றுக்கணக்கில் சேர்ந்துதான் ஒரு வழித்தடம் ஆகிறது. ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் ஓடிப் பார்த்து, தப்பாகப் போய், திருத்தியிருக்கிறார். எனக்கு 10 முதல் 20 வரை எழுதவே இரண்டு மாதம் ஆனது. அந்த உழைப்புக்கு ஒருவர் விலை வைத்தால் அவரை நான் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறேன். பழைய வேக கைடுகளை ஹார்ட்கோரில் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் பல இடத்தில் "இங்கே செத்துவிடு, செத்தவரை எழுப்பும் ஸ்பிரிட் ஹீலரிடம் எழுந்தால் நகரம் பக்கம்" என்று இருக்கும். சாதாரண சர்வரில் அது நல்ல குறுக்குவழி. உங்களுக்கு அது முடிவு.

#7 சிறுவாணி

நான் வாவ் ஆடுவதில்லை, ஓல்டு ஸ்கூல் ரூன்ஸ்கேப் என்ற வேறொரு ஆட்டம். அங்கே காசுக்கு கைடு விற்று யாரும் பிழைக்க முடியாது என்று நினைக்கிறேன். விக்கியிலேயே எந்த க்வெஸ்டை எந்த வரிசையில் செய்வது என்று முழுப் பட்டியல் இருக்கிறது. வாட்டர்ஃபால் க்வெஸ்ட் ஒன்றை மட்டும் தொடக்கத்திலேயே முடித்தால் அட்டாக், ஸ்ட்ரெங்த் என்ற இரண்டு திறனிலும் தலா 13,750 எக்ஸ்பி, ஒன்றாம் லெவலிலிருந்து நேராக 30. இதை எனக்கு முதல் நாள் ஒரு முகம் தெரியாத ஆள் சாட்டில் சொன்னார். நான் அதற்குப் பிறகு எத்தனை புதியவர்களுக்குச் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அங்கே இன்னொரு உண்மையும் இருக்கிறது. ஒரு திறனில் 99 லெவலுக்கு 1,30,34,431 எக்ஸ்பி வேண்டும். அதில் பாதி 92-இல்தான் வருகிறது. எந்த கைடு வைத்திருந்தாலும் அந்த இரண்டாம் பாதியை நீங்கள்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும்.

#8 நெய்தல்_பிரீஸ்ட்

நான் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

2019 ஆகஸ்டில் கிளாசிக் திறந்தபோது நானும் கைடு ஒன்றை ஓட்டினேன். இலவசமா, காசா என்பது இங்கே முக்கியமில்லை. திரையின் நடுவில் அம்புக்குறி. 60 வரை அந்த அம்பைத்தான் பார்த்தேன். டஸ்க்வுட் பகுதி எப்படி இருந்தது என்று என் தம்பி கேட்டான். என்னால் சொல்ல முடியவில்லை. டார்க்‌ஷையரிலிருந்து ரேவன் ஹில் போகும் சாலையில் ஸ்டிச்சஸ் என்ற அரக்கன் வருவதைப் பார்த்து எல்லோரும் அலறி ஓடுவார்கள், அதுதான் டஸ்க்வுட். எனக்கு அது "படி 212" ஆகத்தான் இருந்தது. 60-ஐ எட்டி ஒரு மாதத்தில் ஆட்டத்தை விட்டுவிட்டேன்.

இரண்டு வருடம் கழித்து எந்த ஆட்ஆனும் இல்லாமல் மறுபடி தொடங்கினேன். க்வெஸ்ட் எழுத்தைப் படித்தேன். வழி தொலைந்தேன். இன்றுவரை ஆடுகிறேன்.

லெவலிங்தான் கிளாசிக். அதைச் சீக்கிரம் முடித்துக்கொடுங்கள் என்று காசு கொடுப்பது எனக்குப் புரியவில்லை. சீக்கிரம்தான் வேண்டும் என்றால் கம்பெனியே விற்கிறது. 2014-இல் 60 டாலருக்கு, நேராக 90-ஆம் லெவலுக்குத் தூக்கிவிடும் பூஸ்ட் விற்றார்கள், 2021-இல் பர்னிங் குருசேட் கிளாசிக்குக்கு 58-ஆம் லெவல் பூஸ்ட் 39.99 டாலர். மெதுவாக இருப்பதைத் தாங்க முடியாதவருக்கு அங்கே கதவு திறந்தேதான் இருந்தது.

#9 மூன்றாவது_மேஜ்

நெய்தல் அக்கா, ஹார்ட்கோருக்கு பூஸ்ட் கிடையாது. இங்கே 60-க்கு நடந்துதான் போக வேண்டும்.

நீங்கள் சொல்கிற சுவை எனக்கும் தெரியும். ஆனால் முதல்முறை உலகத்தைப் பார்ப்பவருக்கும், ஐந்தாவது முறை அதே எல்வினில் இருந்து கிளம்புபவருக்கும் ஒரே பதில் பொருந்தாது. இரண்டாவது முறை செத்த பிறகு, அதே கோபால்டுகளை மறுபடி தேடிக் கண்டுபிடிக்கிற சுவை எனக்கு மிச்சமில்லை.

#10 நெய்தல்_பிரீஸ்ட்

அது சரி. ஆல்டுக்கு (அடுத்தடுத்து வளர்க்கும் ஆளுக்கு) கைடு வைத்துக்கொள்வதை நான் எதிர்க்கவில்லை. முதல் ஆளுக்கு வேண்டாம் என்பதுதான் என் பேச்சு.

#11 காவேரி_ஷாமன்

பணம் கட்டுவது பற்றி ஒன்று. ஒரே தடவை கட்டி வாங்குவது வேறு, மாதச் சந்தா வேறு. கார்டிலிருந்து தானாக எடுக்கும் சந்தாக்களுக்குக் கூடுதல் உறுதிப்படுத்தல் வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2021 அக்டோபர் 1 முதல் விதி கொண்டுவந்தது. அதன் பிறகு நான் வைத்திருந்த ஒரு கைடுத் தளத்தின் சந்தா மாதாமாதம் தோற்றுப்போனது. பாதி வழியில், 34-ஆம் லெவலில், கைடு நின்றுவிட்டது. அந்தத் தளத்துக்கு எழுதினேன், "உங்கள் வங்கியைக் கேளுங்கள்" என்று ஒரு வரி வந்தது. நம் ஊரில் இருப்பவர்கள் ஒரே தடவை கட்டும் கைடாகப் பார்த்து வாங்குங்கள். டாலர் மாற்றுக் கட்டணமும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

#12 பழைய_ட்ரூயிட்

ஷாமன் சொன்னதோடு இதையும் சேர்க்கிறேன். 2009 மார்ச்சில் வாவ் நிறுவனமான பிளிசார்ட் ஆட்ஆன் விதிகளை வெளியிட்டது. ஆட்ஆனுக்குக் காசு வாங்கக் கூடாது, அதன் நிரல் எல்லோரும் பார்க்கும்படி இருக்க வேண்டும், ஆட்டத்துக்குள் நன்கொடை கேட்கக் கூடாது. காசுக்கு விற்ற கார்பனைட் ஆட்ஆன் அதன் பிறகு இலவசமானது. இப்போது காசு கேட்பவர்கள் ஆட்ஆனை இலவசமாகக் கொடுத்துவிட்டு அதில் ஏற்றும் கைடுக்குத்தான் விலை வைக்கிறார்கள். ஆகவே, யாராவது "எங்கள் மென்பொருளை நிறுவுங்கள்" என்று நிரல் கோப்பு ஒன்றை அனுப்பினால் தொடவே வேண்டாம். கைடு என்பது எழுத்துதான், அதை ஆட்ஆனில் ஏற்றினால் போதும். "உன் கணக்கைக் கொடு, நாங்கள் லெவல் ஏற்றித் தருகிறோம்" என்பவர்கள் வேறு சாதி. அது கைடும் இல்லை, விதிக்கு உட்பட்டதும் இல்லை, கணக்கே போய்விடும்.

#13 குன்னூர்_ஹன்ட்டர்

வாரியர் நண்பருக்கு முக்கியமான ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நேற்று இரவு அவர் எழுதியதை மறுபடி படித்தபோதுதான் உறைத்தது. வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்கிறார்.

விடுதியில் லாக்அவுட் செய்தால் எட்டு மணி நேரத்துக்கு ஒரு லெவலில் 5 சதவீதம் ஓய்வு எக்ஸ்பி சேரும். ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். அதாவது 21 தடவை 5 சதவீதம், ஒரு லெவலுக்குச் சற்று மேலே. ஒன்றரை லெவல் வரை சேர்த்துவைக்கலாம். அது தீரும்வரை கொல்லும் ஒவ்வொரு மாபுக்கும் இரட்டிப்பு எக்ஸ்பி. க்வெஸ்ட் முடிப்பதற்குக் கிடைக்கும் எக்ஸ்பியில் மாற்றம் இல்லை.

இப்போது கைடு எழுதுபவர் யார் என்று பாருங்கள். நாள் முழுக்க உட்கார்ந்து ஓட்டுபவர். அவருக்கு ஓய்வு எக்ஸ்பி பெரிதாகச் சேராது. அதனால் அவருடைய வழித்தடம் முழுக்க க்வெஸ்டை நம்பி, ஒரு நிமிடம்கூட வீணாகாதபடி கட்டப்பட்டது. அதை வார இறுதியில் மட்டும் ஆடுபவர் பின்பற்றினால் என்ன ஆகும்? மாப் எக்ஸ்பி இரட்டிப்பாக வருவதால் கைடு நினைத்ததைவிட மேலே போய்க்கொண்டே இருப்பார். பழைய ட்ரூயிட் அண்ணனுக்கு 2.3 பேட்சில் ஆனது இவருக்கு ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஆகும்.

இது கெட்டதில்லை, ஹார்ட்கோருக்கு வரப்பிரசாதம். லெவல் கூடுதலாக இருக்கும்போது ஆபத்தான க்வெஸ்டுகளைத் துணிந்து விட்டுவிடலாம். அவற்றின் எக்ஸ்பி உங்களுக்குத் தேவைப்படாது. ஆனால் எந்த அம்புக்குறியும் இதைத் தானாகச் சொல்லாது. வாங்கினாலும் வாங்காவிட்டாலும், எதை விடலாம் என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

ரெட்ரிட்ஜ் பகுதிக்குப் போனதும் லேக்‌ஷையர் விடுதியில்தான் லாக்அவுட் செய்யுங்கள். வயல்வெளியில் அப்படியே மூடிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள், நாலில் ஒரு பங்குதான் சேரும்.

#14 பனங்காட்டு_ரோக்

இது எனக்கே புதிது. இத்தனை நாள் கிடைத்த இடத்தில் லாக்அவுட் செய்துகொண்டிருந்தேன்.

மேஜ் தங்கச்சி, எல்வின், வெஸ்ட்ஃபால், ரெட்ரிட்ஜ் மூன்றிலும் நீங்கள் தவிர்த்த க்வெஸ்ட் பட்டியலை இங்கே போட முடியுமா? விலை கொடுத்து வாங்கின கைடை அப்படியே ஒட்ட வேண்டாம், அது சரியில்லை. நீங்கள் ஆடிப் பார்த்துத் தெரிந்துகொண்டதை உங்கள் வார்த்தையில்.

#15 மூன்றாவது_மேஜ்

என் வார்த்தையில் போடுகிறேன், நான் பட்டதை வைத்து.

எல்வின்: பிரின்சஸ் பன்றியை 10-க்கு முன் தொடாதீர்கள், அதன் பிறகும் ஆள் சேர்த்துக்கொண்டு மட்டும். ஃபார்கோடீப், ஜாஸ்பர்லோடு இரண்டு சுரங்கத்துக்கும் உள்ளே ஆழமாகப் போகாதீர்கள், வாசலிலேயே கோபால்டு கிடைக்கும். ஹாகர் 11-ஆம் லெவல் எலீட் (பலர் சேர்ந்து அடிக்க வேண்டிய எதிரி), தனியாகப் போகவே கூடாது.

வெஸ்ட்ஃபால்: டிஃபையஸ் க்வெஸ்டுகளை 16, 17 ஆன பிறகு, ஒரு ஆளாவது கூட இருக்கும்போது. கடற்கரை மர்லாக்குகள் ஒன்றை அடித்தால் நான்கு வரும், அடி வாங்கினால் ஓடிப்போய்க் கூட்டத்தைக் கூட்டி வரும். ஸ்டியூவுக்குக் கண் மூன்று போதும், ஓரமாகத் தனியாக நிற்பதை மட்டும் இழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.

ரெட்ரிட்ஜ்: ஸ்டோன்வாட்ச் பக்கம் ஆர்க் கூட்டத்துக்குள் தனியாகப் போக வேண்டாம்.

#16 வெள்ளிக்கிழமை_வாரியர்

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும். எல்லோருடைய பதிலையும் இரண்டு தடவை படித்தேன்.

வாங்கவில்லை. க்வெஸ்டியும் ஒரு இலவச வழித்தடமும் வைத்துக்கொண்டேன், மேஜ் தங்கச்சியின் பட்டியலைத் தாளில் எழுதித் திரைக்குப் பக்கத்தில் ஒட்டினேன். ஒவ்வொரு சனி இரவும் விடுதிக்குள் போய்த்தான் மூடுகிறேன். ஹன்ட்டர் சொன்னபடியே நடந்தது. 16-இல்தான் மறுபடி வெஸ்ட்ஃபாலின் அந்த வயலுக்குப் போனேன், கூட ஒரு பாலடின் இருந்தார். போன தடவை செத்த அதே வேலியோரம். கை நடுங்கியது. இரண்டு பில்லேஜர்களும் செத்தார்கள்.

நெய்தல் அக்கா சொன்னதையும் விடவில்லை. அம்புக்குறியை அணைத்துவிட்டேன், வரிசையை மட்டும் பார்க்கிறேன். க்வெஸ்ட் எழுத்தை மகளுக்குத் தமிழில் சொல்லிக்கொடுக்கிறேன். ஈரல் பைக்காக எட்டு ஈரல் சேர்த்த இரவு அவள்தான் எண்ணினாள். ஐந்தோடு தூங்கிப்போனாள், மிச்சம் மூன்றைக் காலையில் கேட்டாள்.

இப்போது 19. லேக்‌ஷையர் விடுதியில் படுத்திருக்கிறான். அடுத்து டெட்மைன்ஸ் என்ற ஐவர் நிலவறைக்குப் போக வேண்டும். அடி தாங்கும் டேங்க் நான், காயம் ஆற்றும் ஹீலர் அந்த பாலடின். இன்னும் மூன்று பேர் வேண்டும். 47-ஆம் லெவல் மேஜ் வந்தால் எங்களுக்கு எக்ஸ்பி கிடைக்காது என்பதால் கேட்கவில்லை.

#17 பனங்காட்டு_ரோக்

ஹார்ட்கோரில் புதிதாக ஒரு ரோக் தொடங்கியிருக்கிறேன். 14 ஆகிவிட்டது. இரண்டு வெள்ளிக்கிழமை பொறுங்கள், நான் வருகிறேன்.